மெய்ந்நிறத்தின் விலை: தொலைக்காட்சிப் பட அளவுத்திருத்தம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விலை கொடுத்து வாங்கிய ஒரு பொருள் தன் வேலையைச் செவ்வனே செய்வதற்கு மீண்டுமொரு விலை கொடுக்கப்பட வேண்டுமா? கைக்கடிகாரம் வாங்குபவர் அது சரியான நேரங் காட்டுவதற்கெனத் தனியே ஒருவருக்குக் கூலி கொடுப்பதில்லை. தராசு வாங்கும் வணிகரோ அதனைக் காலந்தோறும் அரச அதிகாரிகளிடங் காட்டி, கட்டணஞ் செலுத்தி, முத்திரை பெற வேண்டியவராக உள்ளார். தொலைக்காட்சிப் பெட்டி கடிகாரத்தைப் போன்றதா, தராசைப் போன்றதா என்னும் வினா வேடிக்கையானதாகத் தோன்றலாம். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1990களின் நடுப்பகுதி முதலாகத் தொலைக்காட்சிப் படத்தைக் கருவி கொண்டு அளந்து திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒரு வகுப்பினர் முறையான பயிற்சி பெற்று இயங்கி வருகின்றனர். ஒரு பெட்டியைத் திருத்துவதற்கு அவர்கள் பெறும் கூலி பொதுவாகச் சில நூறு டொலராகும். அக்கூலியைக் கொடுப்பதா விடுவதா என்பது பெட்டி வாங்குவோர் பலரிடையே நெடுங்காலமாக நிலவும் ஐயமாகும்.

இவ்வையம் தனிமனிதரின் பணப்பையைப் பற்றியதாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து அதன் அடியில் வேறொரு வினா இருப்பது புலனாகும். நிகழ்ச்சியை ஆக்கியவர் கண்ட படத்துக்கும் வீட்டிலிருப்பவர் காணும் படத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் போக்கும் செலவு யாரைச் சாரும் என்பதே அவ்வினா. கடந்த எழுபது ஆண்டுகளில் அச்செலவு ஒளிபரப்பு நிலையத்தார், உற்பத்தியாளர், திருத்துநர், பார்வையாளர் என ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தை அறியாது இன்று கூலி கொடுப்பதன் பொருத்தத்தை நிறுத்துப் பார்த்தல் இயலாது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கறுப்பு வெள்ளைக் காலம்

அளவுத்திருத்தம் என்பது படத்தை அழகுபடுத்துவதன்று. நிகழ்ச்சியை ஆக்குவோர் தம் நிலையத்திலுள்ள ஒரு நியமத் திரையைப் பார்த்தே இருளும் ஒளியும் நிறமும் இவ்வளவிலிருத்தல் வேண்டுமெனத் தீர்மானிக்கின்றனர். அத்திரை எந்நியமத்துக்கு அமைந்ததோ அந்நியமத்துக்கே வீட்டுத் திரையையும் அமைத்தல் அளவுத்திருத்தம் எனப்படும். ஆகவே நியமம் ஒன்று இருந்தாலன்றித் திருத்தம் என்னும் பேச்சுக்கே இடமில்லை.

ஜோன் லோகி பெயர்ட் 1926ஆம் ஆண்டு ஜனவரி 26ஆந் திகதி இலண்டனில் தமது தொலைக்காட்சியை அறிஞர் குழுவொன்றுக்குக் காட்டியபோது, மனித முகமொன்று அடையாளங் காணக்கூடியதாகத் தெரிந்ததே வியப்புக்குரியதாயிற்று. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி. 1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து ஒழுங்கான சேவையைத் தொடங்கியதன் பின்னரே வீட்டுப் பெட்டியைச் சரியாக அமைக்கும் பிரச்சினை எழலாயிற்று. அக்காலப் பெட்டியிற் பார்வையாளருக்கெனத் தரப்பட்ட முக்கியமான படத் திருகிகள் இரண்டு. ஒன்று துலக்கத்துக்குரியது; மற்றையது ஒளிவேறுபாட்டுக்குரியது. துலக்கத் திருகி பெயருக்கு மாறாக இருளின் அளவையே பெரிதும் நிருணயித்தது. அதனைக் கூட்டினாற் கறுப்பு சாம்பலாகும். குறைத்தால் நிழலிலுள்ளவை யாவும் ஒரே இருளில் மறையும்.

இதற்குத் துணையாக ஒளிபரப்பு நிலையங்கள் நிகழ்ச்சியில்லாத நேரங்களிற் சோதனை அட்டைகளை ஒளிபரப்பின. வட்டங்களும் கோடுகளும் படிப்படியாக மாறும் சாம்பற் கட்டங்களுங் கொண்ட அவ்வட்டைகளைப் பார்த்து வணிகரும் பழுதுபார்ப்போரும் பெட்டிகளைச் சீர்செய்தனர். நியமத்தை வீடுதோறும் இலவசமாக அனுப்புவது நிலையத்தின் கடமையென அன்று கருதப்பட்டது என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. மேலும், கறுப்பு வெள்ளைப் படத்தில் வழு இருப்பினும் கண் அதனைப் பொறுத்துக்கொண்டது. சற்று வெளிறிய சாம்பலைப் பிழையென எவரும் முறையிடுவதில்லை. முகம் பச்சையாகத் தெரிந்தாற் குழந்தையும் சிரிக்கும். நிறத்தின் வருகையோடுதான் திருத்தத்தின் வரலாறு உண்மையில் ஆரம்பிக்கின்றது.

1953ஆம் ஆண்டின் உடன்பாடு

அமெரிக்க மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு 1950ஆம் ஆண்டு சி.பி.எஸ். நிறுவனத்தின் நிறத் தொலைக்காட்சி முறையொன்றை ஏற்றுக்கொண்டது. சுழலும் நிறத்தட்டைப் பயன்படுத்திய அம்முறையில் வந்த ஒளிபரப்பை ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் காட்ட இயலாதிருந்தன. 1951ஆம் ஆண்டிலேயே அது கைவிடப்பட்டது. பின்னர் தேசியத் தொலைக்காட்சி முறைமைக் குழுவின் முறை 1953ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி ஏற்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களால் அது என்.ரி.எஸ்.சி. முறை என வழங்கலாயிற்று.

பழைய பெட்டிகளைப் பயனற்றவையாக்காது, அதே அலைவரிசை அகலத்துள் நிறத்தையும் சேர்த்து அனுப்பியமை இம்முறையின் பெருஞ்சாதனை. அதன் குறைபாடும் அச்சாதனையினுள்ளேயே அடங்கியிருந்தது. நிறத்துக்குரிய தகவல் ஏறத்தாழ 3.58 மெகாஹேட்ஸ் மீடிறனுள்ள துணைக்காவி அலையொன்றில் ஏற்றப்பட்டது. அவ்வலையின் வீச்சம் நிறச்செறிவையும், அதன் அவத்தை நிறச்சாயலையுங் குறித்தன. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒப்பீட்டுக்கான சிறு சைகையொன்று அனுப்பப்பட்டபோதிலும், நெடுந்தூரக் கம்பிகளிலும் நிலைய உபகரணங்களிலும் வான்வழியிலும் அவத்தை சிறிது பிறழ்ந்தால் அவ்வளவுக்குச் சாயலும் பிறழ்ந்தது. சிவந்த முகம் ஊதாவாயிற்று; அல்லது பச்சையாயிற்று. நிலையம் மாறும்போதும், சிலவேளை விளம்பரம் மாறும்போதுங்கூட முகத்தின் நிறம் மாறியது. ஒருபோதும் ஒரே நிறம் இல்லை எனப் பொருள்படுமாறு முறையின் பெயர்ச் சுருக்கத்துக்குப் பொறியியலாளரே வேடிக்கையாக விரிவு கூறினர்.

இவ்வழுவுக்குக் கண்ட பரிகாரம் பெட்டியின் முகப்பில் வைக்கப்பட்ட சாயல் திருகியாகும். பார்வையாளர் தம் இருக்கையை விட்டெழுந்து, திரையில் தெரியும் முகம் இயல்பாகத் தோன்றும்வரை அதனைத் திருக வேண்டும். முறைமையின் குறைபாட்டைத் திருத்தும் பொறுப்பு இவ்வாறு நாளாந்தம் பார்வையாளரின் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்கான பயிற்சியோ ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான நியமமோ அவரிடம் இருக்கவில்லை.

பணச்செலவும் இல்லாமலில்லை. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1954ஆம் ஆண்டு விற்பனைக்கு விட்ட முதலாவது நிறப் பெட்டியின் விலை 1,000 டொலர். அதன் படக்குழாயில் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றுக்குரிய மூன்று இலத்திரன் கற்றைகள் திரையெங்கணும் துல்லியமாக ஒன்றுசேர வேண்டியிருந்தது. பெட்டியை வேறு திசைக்குத் திருப்பி வைத்தாலே பூமியின் காந்தப்புலம் கற்றைகளைச் சிறிது விலக்க, திரையின் மூலைகளில் நிறக்கறைகள் தோன்றின. ஆகவே பெட்டியை வீட்டில் நிறுவவும் சீராக்கவும் பயிற்சி பெற்ற தொழில்வினைஞர் வரவேண்டியிருந்தது. இதற்கெனப் பெட்டியோடு பராமரிப்பு ஒப்பந்தமும் வாங்கப்பட்டது. படத்தைச் சரிசெய்வதற்குத் தனியே கூலி கொடுத்தல் 1990களின் புதுமையன்று. நிறத் தொலைக்காட்சியோடு உடன்பிறந்த வழக்கமே அது என்பதை இதனால் அறியலாம்.

பொறியியலாளர் இக்குறையை உணராமலில்லை. சி.பி.எஸ். ஆய்வுகூடத்தில் உருவாகிப் பின்னர் வட அமெரிக்காவெங்கும் பரவிய நிறப்பட்டைகளைக் கொண்டு நிலையங்கள் தம் உபகரணங்களைச் சீர்செய்தன. 1970களில் ஒவ்வொரு படத்தினதும் கண்ணுக்குத் தெரியாத வரியொன்றில் ஒப்பீட்டுச் சைகையை ஒளிபரப்பி, அதனைப் பெட்டியே படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறையும் உருவாயிற்று. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அத்தகைய பெட்டிகளை விற்றது. வேறு சில பெட்டிகளோ எளிதான வழியொன்றைக் கையாண்டன. மனிதத் தோலின் நிறத்தை அண்மிய சாயல்கள் யாவற்றையும் தோல் நிறத்தை நோக்கி இழுக்கும் மின்சுற்று அவற்றில் அமைக்கப்பட்டது. முகம் ஒருவாறு சரியாயிற்று. அதற்கு விலையாக அண்டை நிறங்கள் தம் வேறுபாட்டை இழந்தன.

ஐரோப்பியர் கண்ட மாற்றுவழி

அமெரிக்கரின் அனுபவத்தைக் கண்ட ஐரோப்பியர் வேறொரு வழியிற் சிந்தித்தனர். மேற்கு ஜேர்மனியின் டெலிபுங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த வோல்ரர் புறூக் உருவாக்கிய முறை 1963ஆம் ஆண்டு ஜனவரியில் ஹனோவரில் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியத்தின் நிபுணர்களுக்குக் காட்டப்பட்டது. வரிக்கு வரி அவத்தையை மாற்றுதல் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாக அது ‘பால்’ முறை எனப்பட்டது. இதில் நிறச்சைகையின் ஒரு கூறு ஒன்றுவிட்ட வரிகளில் தலைகீழாக அனுப்பப்படும். வழியில் ஏற்படும் அவத்தை வழு ஒரு வரியில் நிறத்தை ஒரு பக்கம் தள்ளினால் அடுத்த வரியில் எதிர்ப்பக்கம் தள்ளும். பெட்டியினுள் உள்ள தாமதக்கோடு ஒரு வரியின் நிறச்சைகையை ஏறத்தாழ 64 மைக்குரோ செக்கன் பிடித்துவைத்து அடுத்த வரியோடு சேர்த்துச் சராசரி காணும். இதனால் சாயல் வழு ஒழிந்து நிறச்செறிவு மாத்திரம் சற்றுக் குறையும். பிரான்சில் ஹென்றி டி பிரான்ஸ் உருவாக்கிய ‘சேகாம்’ முறையோ இரு நிறச்சைகைகளையும் மீடிறன் மாற்றத்தின் மூலம் மாறிமாறி அனுப்பி, அவத்தைப் பிரச்சினையையே தவிர்த்தது. 1967ஆம் ஆண்டு பிரித்தானியாவும் மேற்கு ஜேர்மனியும் ‘பால்’ முறையிலும், பிரான்சும் சோவியத் ஒன்றியமும் ‘சேகாம்’ முறையிலும் நிற ஒளிபரப்பைத் தொடங்கின.

அமெரிக்கப் பார்வையாளர் நாளாந்தம் திருகியால் திருத்திய வழுவை ஐரோப்பியப் பொறியியலாளர் ஒரேயொரு தடவை சுற்றமைப்பினுள் திருத்தினர். தாமதக்கோட்டின் செலவு பெட்டியின் விலையில் அடங்கியது. வாங்கியோர் யாவரும் அதனைச் சமமாகப் பகிர்ந்துகொண்டனர். கூலி கொடுக்க வல்லவருக்கும் வல்லாதவருக்கும் ஒரே சாயல் கிடைத்தது. யப்பானின் நன்கொடையாக அமைந்து 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கை ரூபவாகினியும் ‘பால்’ முறையையே பின்பற்றியது. கொடை தந்த யப்பான் தன் நாட்டில் அமெரிக்க முறையைக் கையாண்டபோதிலும், இலங்கைப் பார்வையாளருக்குச் சாயல் திருகியோடு மல்லாடும் தேவை ஏற்படவில்லை.

எனினும் ‘பால்’ முறை திருத்தியது வழியில் ஏற்படும் வழுவை மாத்திரமே. சைகை வீட்டை அடைந்த பின்னர் அதனைத் திரை எவ்வாறு ஒளியாக மாற்றுகின்றது என்பது உற்பத்தியாளரின் கையிலேயே இருந்தது. அடுத்த கட்டப் பிரச்சினை அங்குதான் தோன்றியது.

விற்பனைக் கூடமும் நீல வெண்மையும்

திரையில் வெண்மை எனப்படுவது யாது என்பதற்கும் நியமம் உண்டு. பகலொளியைத் தழுவி 6,500 கெல்வின் அளவிலமைந்த வெண்மையே காலப்போக்கில் ஒளிபரப்பு நியமமாக நிலைபெற்றது. அதற்கு மேற்பட்டது நீலஞ் சார்ந்ததாகவும் குறைந்தது மஞ்சள் சார்ந்ததாகவும் தோன்றும். வீட்டுப் பெட்டிகளோ 9,000 கெல்வினையும் தாண்டிய நீல வெண்மையோடு விற்பனைக்கு வந்தன. இதற்குக் காரணம் தொழினுட்ப அறியாமையன்று. பிரகாசமான விளக்குகளின் கீழ் பல பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்ட கூடத்தில், நீலஞ் சார்ந்த பெட்டியே அதிக ஒளியுடையதாகத் தோன்றி வாங்குவோரைக் கவர்ந்தது. ஒளிவேறுபாடு உச்சத்தில் வைக்கப்பட்டது. கூர்மைத் திருகியைக் கூட்டுவதன் மூலம் ஒவ்வோர் உருவத்தைச் சுற்றியும் செயற்கையான வெள்ளைக் கோடு இடப்பட்டது. 1953ஆம் ஆண்டின் நியமத்திற் குறிக்கப்பட்ட சிவப்பு, பச்சை, நீல ஒளிர்பூச்சுக்களுங்கூடக் கூடிய பிரகாசந் தருபவற்றுக்காகக் கைவிடப்பட்டன.

நியமம் ஏட்டிலிருக்க, பெட்டி சந்தையின் விதிக்கமைய உருவாயிற்று. வாங்குபவரைக் கவர்வதற்காக ஆக்கப்பட்ட வழுவை நீக்குவதற்கு வாங்குபவரே பின்னர் கூலி கொடுக்க நேர்ந்தது. அளவுத்திருத்தத் தொழிலின் தோற்றத்தை இம்முரண்பாட்டில் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

தொழிலின் தோற்றம்

1978ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேசர் இறுவட்டு, திரைப்படத்தை வீட்டிலேயே உயர் தரத்திற் பார்க்கும் ஆர்வலர் குழாமொன்றை உருவாக்கியது. பெரிய திரையும் ஒளியெறி கருவியும் வைத்திருந்த இவர்களுக்குப் படத்தின் வழுக்கள் பெரிதாகத் தெரிந்தன. இவர்களுக்கென ஜோ கேன் என்பார் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட லேசர் இறுவட்டு, நிலையங்களுள் மாத்திரம் வழங்கிய சோதனைக் கோலங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது. கறுப்பின் அளவைக் காணும் பட்டைகள், சாம்பற் படிகள், நிறப்பட்டைகள் ஆகியன அதில் இடம்பெற்றன. நீல வடிகட்டியொன்றினூடாக நிறப்பட்டைகளைப் பார்த்தால், நிறச்செறிவும் சாயலும் சரியாக இருக்கும்போது குறித்த பட்டைகள் ஒரே பிரகாசத்துடன் தோன்றும். வெறுங்கண்ணின் விருப்பு வெறுப்புக்கு இதில் இடமில்லை. சோதனை அட்டைகளை நிலையங்கள் படிப்படியாகக் கைவிட்ட காலத்தில், அவை செய்த பணியை விலைக்கு விற்கப்பட்ட இறுவட்டு பொறுப்பேற்றது எனலாம்.

வெண்மையை மாத்திரம் கண்ணால் அளக்க இயலாது. கண் எவ்வெண்மைக்கும் சில நிமிடங்களிற் பழகிவிடும் இயல்புடையது. நீலஞ் சார்ந்த வெண்மையையும் அது தூய வெண்மையென்றே கொள்ளும். இங்கு கருவி இன்றியமையாததாகின்றது. 1994ஆம் ஆண்டு ஜோயல் சில்வர், ஜோ கேன் ஆகியோரின் முயற்சியால் உருவான படவியல் விஞ்ஞான நிலையம் கருவி கொண்டு அளக்கும் திருத்துநரைப் பயிற்றிச் சான்றிதழ் வழங்கலாயிற்று. திருத்துநர் நிறமானியைத் திரையின் முன் வைத்து, இருண்ட சாம்பல் முதல் முழு வெண்மை வரை படிப்படியாக அளந்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் பங்கைச் சரிசெய்வார். இதற்குரிய அமைப்புக்கள் அன்று பார்வையாளருக்குத் தெரியாத பழுதுபார்ப்போர் பட்டியலினுள் மறைக்கப்பட்டிருந்தன. ஆகவே கொடுக்கப்பட்ட கூலி கருவிக்கு, பயிற்சிக்கு, மறைவிடத்தைத் திறக்கும் அறிவுக்கு என மூன்றுக்கும் சேர்ந்ததாயிற்று.

நியமத்திலிருந்து ஒரு நிறம் எவ்வளவு விலகியுள்ளது என்பதை ஓர் எண்ணாற் குறிக்கும் வழக்கமும் உண்டு. ஒளியியலுக்கான சர்வதேச ஆணைக்குழு 1976ஆம் ஆண்டு வகுத்ததும் பின்னர் திருத்தப்பட்டதுமான இவ்வளவையில் 3இற்குக் குறைந்த வழு இயங்கும் படத்திற் கண்ணுக்கு எளிதிற் புலப்படாதெனத் திருத்துநர் கொள்வர். நீல வெண்மையோடு வந்த 1990களின் பெட்டிகளில் வழு இதனிலும் பன்மடங்காக இருந்தது. அத்தகைய பெட்டிக்குக் கூலி கொடுத்தவர் வெளிப்படையான பயனைப் பெற்றார் என்பதில் ஐயமில்லை.

குறைந்துவந்த இடைவெளி

கதோட்டுக் கதிர்க்குழாயின் மறைவுடனும் எண்முறை ஒளிபரப்பின் வருகையுடனும் நிலைமை மாறியது. எண்முறைச் சைகையில் அவத்தை பிறழ்ந்து நிறம் மாறுவதில்லை. உயர்துல்லியத் தொலைக்காட்சிக்கான சர்வதேச நியமம் 1990ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. திரை இருளையும் ஒளியையும் எவ்விகிதத்திற் காட்ட வேண்டுமென்பதற்கான நியமம் 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘சினிமா’ என்றோ ‘திரைப்படம்’ என்றோ பெயரிட்டு, நியமத்தை அண்மித்த ஆயத்த அமைப்பொன்றை உற்பத்தியாளர் பெட்டியினுள்ளேயே வைக்கத் தொடங்கினர். முன்னர் மறைக்கப்பட்டிருந்த வெண்மைச் சீராக்கமும் பல பெட்டிகளிற் பார்வையாளரின் பட்டியலுக்கே வந்துசேர்ந்தது.

ஆயினும் பெட்டியை முதன்முதலிற் திறக்கும்போது தோன்றுவது பெரும்பாலும் அவ்வமைப்பன்று. விற்பனைக் கூடத்தின் நீல வெண்மை புதுப் பெயர்களில் தொடர்ந்து வாழ்ந்தது. அதனோடு அசைவை மழமழப்பாக்கும் செயற்கை முறையும் சேர்ந்து, செக்கனுக்கு 24 படச்சட்டங்களில் எடுக்கப்பட்ட திரைப்படத்தை நாடக ஒளிப்பதிவு போலக் காட்டியது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் நடிகர் டொம் குறூசும் நெறியாளர் கிறிஸ்தோபர் மக்குவாறியும் இதனை நிறுத்திவைக்குமாறு பார்வையாளரை வேண்டும் காணொளியொன்றை வெளியிட்டனர். 2019ஆம் ஆண்டு ஓகஸ்டில் உற்பத்தியாளரும் திரைப்பட நிறுவனங்களும் அங்கம் வகிக்கும் கூட்டமைப்பொன்று ‘படைப்பாளர் முறை’ எனத்தக்க அமைப்பை அறிவித்தது. மார்ட்டின் ஸ்கோர்செசி, கிறிஸ்தோபர் நோலன் முதலிய நெறியாளர் அதனை ஆதரித்தனர். ஒரு பொத்தானை அழுத்துவதன் மூலம் நியம வெண்மையைத் தந்து, அசைவு மாற்றத்தையும் செயற்கைக் கூர்மையையும் நீக்குவது இவ்வமைப்பின் நோக்கமாகும்.

அதே ஆண்டு ஏப்ரல் 28ஆந் திகதி ஒளிபரப்பான ‘கேம் ஒஃப் துரோன்ஸ்’ தொடரின் போர்க்கள அத்தியாயம், செலவைச் சுமப்பவர் யார் என்னும் பழைய வினாவை மீண்டும் எழுப்பியது. இரவில் நிகழும் அவ்வத்தியாயத்தில் ஒன்றுமே தெரியவில்லையெனப் பெருந்தொகையான பார்வையாளர் முறையிட்டனர். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னரோ பலர் தம் பெட்டிகளைச் சரியாகச் சீராக்கத் தெரியாதிருப்பதே பிரச்சினையின் பெரும்பகுதியென விளக்கினார். சைகை அனுப்பப்படும்போது சுருக்கப்படுவதனால் இருட்பகுதிகள் சிதைவதையும் பலர் சுட்டிக்காட்டினர். ஆக்குவோர் பார்வையாளரையும், பார்வையாளர் ஆக்குவோரையும், இருவரும் இடையிலுள்ளோரையும் குறைகூறிய இந்நிகழ்ச்சி, நியமம் இருந்தும் அதனை வீடுவரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு எவரிடமும் உறுதியாக ஒப்படைக்கப்படவில்லை என்பதைக் காட்டுகின்றது.

நியமம் யாருடையது?

நியமத்தைச் சார்ந்தே திருத்தம் நிகழ்வதால், அந்நியமம் எவர் முகத்தை முன்வைத்து உருவாயிற்று என்பதும் ஆராயத்தக்கது. பி.பி.சி. 1967ஆம் ஆண்டு ஜூலையில் ஒளிபரப்பத் தொடங்கிய புகழ்பெற்ற நிறச் சோதனை அட்டையின் நடுவே வெள்ளையினச் சிறுமியொருத்தி பொம்மையுடன் அமர்ந்திருந்தாள். பொறியியலாளர் ஜோர்ஜ் ஹேர்சியின் மகளான அவளுடைய முகத்தைப் பார்த்துப் பல நாடுகளின் திரைகள் சீர்செய்யப்பட்டன. புகைப்படத்துறையிலும் கொடாக் நிறுவனம் பல்லாண்டுகளாக விநியோகித்த ‘ஷேர்லி’ அட்டைகளில் வெள்ளையினப் பெண்களே இடம்பெற்றனர். பல இனத்தவரின் முகங்களைக் கொண்ட அட்டைகள் 1990களிலேயே வந்தன. அமெரிக்கப் பெட்டிகளின் தோல்நிறச் சுற்றும் இவ்வெண்ணத்தின் வழிவந்ததே. ‘இயல்பான முகம்’ எதுவெனப் பெட்டியே முடிவுசெய்தபோது, கருமையான முகங்கள் அவ்வியல்பினுள் அடங்கவில்லை.

எண்ணால் அளக்கும் கருவிக்கு முகமில்லை. திரையிலுள்ள ஒளியை எவர் முகத்துக்கும் சார்பின்றி அது அளக்கின்றது. கண்ணளவிலிருந்து கருவியளவுக்கு மாறியமை செல்வரின் பொழுதுபோக்கு மாத்திரமன்று என்பதை இதனால் உணரலாம். இருண்ட சாம்பற் படிகள் சரியாக அமையாத திரையில் முதலில் மறைவன நிழலும் கருமையான முகத்தின் உணர்ச்சிகளுமே. திருத்தம் வேண்டுவது யாருக்காக என்னும் வினாவுக்குத் திரையைப் பார்ப்பவரோடு திரையிற் பார்க்கப்படுபவரும் விடையாவர்.

கூலி கொடுப்பதா?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஒரு காலத்துக்குப் பொருந்திய விடை மற்றொரு காலத்துக்குப் பொருந்தாது என்பது தெளிவாகும். 1954ஆம் ஆண்டில் தொழில்வினைஞர் இன்றி நிறப் படமே சரிவர அமையவில்லை. 1994ஆம் ஆண்டில் கூலி கொடாதவர் நீலப் படத்தையே பார்த்தார். இன்றைய நடுத்தரப் பெட்டியில் சரியான ஆயத்த அமைப்பைத் தெரிவுசெய்து, அசைவு மாற்றத்தை நிறுத்தி, அறையின் ஒளியைத் தணித்தால், முன்னர் கூலிக்குக் கிடைத்த பயனின் பெரும்பகுதி செலவின்றியே கிட்டும். எஞ்சுவது ஒரே வகைப் பெட்டிகளுக்கிடையே தொழிற்சாலையில் ஏற்படும் சிறு வேறுபாடும், நாளடைவில் திரை தேய்வதால் வரும் விலகலுமேயாம். ஆகவே சாதாரண வீட்டுக்கு இக்கூலி அவசியமன்று. பெட்டியின் விலையில் பெரும்பங்கை விழுங்குமளவுக்குக் கூலி இருப்பின், அப்பணத்தைச் சிறந்த பெட்டிக்குச் செலவிடுதலே அறிவுடைமை.

மூன்று சாராருக்கு இம்முடிவு பொருந்தாது. ஒளியெறி கருவியைப் பயன்படுத்துவோருக்கு விளக்கின் தேய்வும் திரைத்துணியின் நிறமும் சுவரின் நிறமும் படத்தை மாற்றுவதால் அவ்விடத்திலேயே அளத்தல் வேண்டும். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நிறச்சீராக்கம் ஆகியவற்றில் ஈடுபடுவோருக்குத் திரை தொழிற்கருவியாதலால் திருத்தம் கட்டாயமானது. பெருவிலைப் பெட்டியை வாங்கி, திரைப்படத்தை ஒரு கலையாகக் கொண்டு இருட்டறையிற் பார்ப்பவருக்கு எஞ்சிய சிறு வழுவும் பொருட்படுத்தத்தக்கதே. இவர்களுங்கூட உயர் ஒளிவீச்சுப் படத்தில் திருத்துநரின் ஆற்றலுக்கு எல்லையுண்டென்பதை மறத்தலாகாது. 2014ஆம் ஆண்டின் நியமம் 10,000 நிற் வரையான ஒளியை வகுத்துள்ளது. வீட்டுத் திரைகள் அதனை எட்டாமையால், உச்ச ஒளியை எவ்வாறு சுருக்கிக் காட்டுவதென்பதை ஒவ்வோர் உற்பத்தியாளரும் தம் விருப்பப்படி தீர்மானிக்கின்றனர். கருவியால் அளக்கலாம், உற்பத்தியாளரின் தீர்மானத்தை முழுவதும் மாற்றலாகாது. கூலி கொடுப்பவர் எதனை எந்நியமத்துக்கு அளப்பர் என்பதையும், திருத்தத்துக்கு முன்னும் பின்னுமான அளவீடுகளையும் எழுத்திற் கேட்டுப் பெறுதல் நன்று.

தராசுக்கு முத்திரை கட்டாயமாக்கப்பட்டதற்குக் காரணம், அதன் வழுவால் ஏமாறுபவர் தராசின் சொந்தக்காரரல்லர் என்பதாகும். தொலைக்காட்சிப் பெட்டியின் வழுவாற் சொந்தக்காரர் நட்டமடைவதோடு, படத்தை ஆக்கியவரும் அதிற் தோன்றுபவரும் பிழையாகக் காட்டப்படுகின்றனர். அவ்வகையில் அது தராசுக்கு நெருங்கியதே. அதன் நியமத்தைக் காக்கும் பொறுப்பைத் தனிமனிதரின் பணப்பையில் விட்டுவிடுவது முறையாகாது. தாமதக்கோட்டைப் பெட்டிதோறும் பொருத்திய தலைமுறை இதற்கொரு வழியைக் காட்டிச் சென்றுள்ளது. நியமத்துக்கமைந்த படம் பெட்டியைத் திறந்தவுடனேயே தோன்றவும், விற்பனைக் கூடத்தின் பகட்டை வேண்டுபவர் அதனைத் தேடிச் சென்று தெரிவுசெய்யவும் கூடியதாகப் பெட்டிகள் அமையும் நாளில், கூலி கொடுப்பதா என்னும் ஐயம் பெரும்பாலானோருக்கு எழாமலே போகும்.